சாய்க்கக் கூடாத கம்பம்

உயரமாக நிற்கிற எதைக் கண்டாலும் அது எந்தப் பக்கம் விழும் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். பள்ளிவாசல் மினாராவாக இருந்தாலும் சரி, தண்ணீர்த் தாங்கியாக இருந்தாலும் சரி. எழுபத்தெட்டில் வந்த சூறாவளி என்னை அப்படி ஆக்கிவிட்டது. அன்று எங்கள் வளவில் நின்ற தென்னைகளில் ஒன்று கூரையைப் பிளந்துகொண்டு, என் மகள் படுத்திருந்த பாயின் மேல் விழுந்தது. அவள் பாயை நனைத்துவிட்டாள் என்று ஏசிக்கொண்டே அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நான் அடுத்த அறைக்குள் கால் வைத்த நேரம் அது. பிள்ளை தப்பிவிட்டாள். எனக்குத்தான் அதன் பிறகு ஒழுங்கான நித்திரை இல்லை.

என் கணவர் தபால் கந்தோரில் தந்தி அடிக்கிறவர். அந்தப் புயல் அவரிடம் வேறு விதமாக வேலை செய்தது. கம்பிகள் எல்லாம் அறுந்து கிடந்தபோது, தாங்கள் உயிரோடு இருப்பதை வெளியூரில் உள்ள சொந்தக்காரர்களுக்குச் சொல்ல ஊர்ச்சனம் கந்தோரில் வந்து நின்றது. ஒருவருக்கும் ஒரு சொல்கூட அனுப்ப முடியாமல் அவர் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். கம்பியே தேவைப்படாத ஒரு நிலையத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் அவருக்கு வந்தது. அமெச்சூர் ரேடியோ என்றார்கள். படித்தார், சோதனை எழுதினார், அனுமதியும் எடுத்தார். பழைய சாமான்களை வாங்கி உருக்கி ஒட்டி, அனுப்புகிற பெட்டியையும் தானே செய்து முடித்தார். அதுவரைக்கும் எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை. பிறகுதான் அன்டனாவை ஏற்ற ஒரு கோபுரம் வேண்டும் என்றார்.

"தென்னை உசரம் இரிந்தாத்தான் தூரத்துக்குக் கேக்கும் புள்ள."

"தென்னை உசரமா? விழுந்த தென்னை போதாதா உங்களுக்கு?"

எங்கள் ஊர்களில் வீடும் வளவும் பெண்ணுடையது. மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார், அவ்வளவுதான். என் வளவில் என்னைக் கேட்காமல் அவரால் ஒரு குழிகூடத் தோண்ட முடியாது. அந்த உரிமையை நான் அந்த நாட்களில் தாராளமாகப் பாவித்தேன். அவரும் சளைக்கவில்லை. தந்திக் கடதாசிகளின் பின்பக்கத்தில் விதவிதமான கோபுரங்களை வரைந்துகொண்டு வந்து சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைப்பார்.

முதலில் அவர் காட்டியது தண்ணீர்க் குழாய்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் பூட்டி, நாலு பக்கமும் இழுகம்பியால் இறுக்கிக் கட்டுகிற கம்பம். லேசான வேலை என்றார். நான் கிணற்றுக் கயிற்றை எடுத்து, கம்பத்தின் உயரத்துக்கு அளந்து வெட்டச் சொன்னேன். கம்பம் நிற்கப்போகிற இடத்தில் ஒரு நுனியை அவர் பிடித்துக்கொள்ள, மற்ற நுனியோடு நான் சுற்றி வந்தேன். கிழக்கே போனால் என் அக்கா, ராத்தாவின் அடுப்படி. உம்மாவின் காணியை இரண்டாகப் பிரித்து அவளுக்கு ஒரு வீடும் எனக்கு ஒரு வீடும் கட்டித் தந்திருந்தார்கள், நடுவில் ஒரு கிடுகு வேலிதான். தெற்கே பின்வீட்டுக்காரரின் கிணறு. மேற்கே ஓதப்போகிற பிள்ளைகள் நடக்கிற ரோட்டு. வடக்கே எங்கள் வீடு. எந்தப் பக்கம் போனாலும் யாரோ ஒருவரின் தலைக்கு மேலேதான் கயிறு போய் முடிந்தது.

வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்த ராத்தா கேட்டாள், "ஏன் மச்சான், எங்கட அடுப்புக்கு மேலதானா விழோணும்?"

"அது விழாது மச்சி."

"தென்னையும் அப்பிடித்தான் சொல்லிச்சு," என்றேன் நான்.

இழுகம்பிக்கும் இடமில்லை. ஒரு கம்பி ராத்தாவின் முற்றத்தில் ஊன்ற வேண்டும், இன்னொன்று ரோட்டுக்கு நடுவில். அது அதோடு போயிற்று. இரண்டாவதாக, மூன்று கால் வைத்து இரும்பால் ஒட்டுகிற கோபுரம். இழுகம்பி தேவையில்லை, ஆழமாகத் தோண்டி கொங்கிறீட் போட்டால் அசையாது என்று கல்முனையில் ஒட்டு வேலை செய்கிறவர் சொல்லியிருந்தாராம். சரி, தோண்டிப் பாருங்கள் என்றேன். கடற்கரை மணல், இடுப்பளவு போவதற்குள் தண்ணீர் ஊறிக்கொண்டு வந்தது. குழியின் ஓரம் தானாகச் சரிந்து சரிந்து விழுந்தது. மூடச் சொல்லிவிட்டேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கு நிக்கிற கோபுரம் சரிவராது. படுத்துக் கிடக்கிற கோபுரம்தான் சரி," என்றார்.

"அப்பிடி ஒண்டு இரிக்கா?"

இருந்தது. கேட்ட பிறகு, ஏன் வாயைத் திறந்தோம் என்று அவர் நினைத்திருப்பார். கட்டையான தடித்த இரும்புத் தூண் ஒன்றை ஊன்றி, அதன் அடியில் கதவுக்குப் பிணைச்சல் வைப்பதுபோல நீண்ட கம்பத்தைப் பூட்ட வேண்டும். தூணின் தலை வழியாக ஒரு இரும்புக் கயிறு வந்து, கைபிடி உள்ள விஞ்சு ஒன்றில் சுற்றிக்கொள்ளும். கைபிடியைச் சுற்றினால் கம்பம் எழும்பும். திருப்பிச் சுற்றினால் எங்கள் அடுப்படிச் சுவர் ஓரமாக வந்து படுத்துவிடும். உயரம் கொஞ்சம் குறைவு, பலமும் குறைவு என்று அவர் முறைப்பட்டார். மேகம் கறுத்தால் இறக்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தின் பேரில் நான் சம்மதித்தேன். பகலில் அவர் கந்தோரில் இருப்பார், காற்று அவருக்காகக் காத்துக்கொண்டு நிற்காது. அதனால் விஞ்சு சுற்ற நானும் பழகினேன்.

பிஸ்மி சொல்லாமல் அந்தக் கைபிடியை நான் தொட்டதில்லை. பற்கள் இறுகிவிட்டால் அவசரத்துக்குக் கம்பம் இறங்காதே என்ற பயத்தில், வெள்ளிக்கிழமை தோறும் தலைக்கு எண்ணெய் வைக்கிற மாதிரி அதற்குக் கிறீஸ் வைப்பேன். மாரி தொடங்கினால் வானத்தைப் பார்ப்பதே என் வேலை. ஒரு நாள் பின்னேரம் அவர் அறைக்குள்ளிருந்து ஓடி வந்தார். "யப்பான்காரன் ஒராள் கதைக்கிறான் புள்ள! என்ட சத்தம் அவனுக்குத் தெளிவாக் கேக்குதாம்!" அவருடைய முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. ஆனால் கடல் பக்கம் மேகம் கட்டியிருந்தது. "சுருக்காக் கதைச்சி முடிங்க, நான் இறக்கப் போறன்," என்றேன். யப்பான்காரர் என்ன நினைத்தாரோ, பாதிக் கதையில் அவரோடு கதைத்துக்கொண்டிருந்த ஆள் காணாமல் போனார்.

ஊர் என்னைப் பார்த்துச் சிரித்தது. ஆனால் சிரித்துக்கொண்டே பயன்படுத்தவும் செய்தது. கம்பம் சாய்ந்தால் மழை என்று தெருவில் நெல் காயப்போடுகிற பெண்களுக்கு ஒரு கணக்கு வந்துவிட்டது. ராத்தாவின் மாப்பிள்ளைக்கு ஒரு தோணி இருந்தது. அவர் கடலுக்குப் புறப்படும் முன் வேலிக்கு மேலால் ஒரு பார்வை பார்ப்பார். கம்பம் படுத்திருந்தால் வலையைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிடுவார். பயந்தாங்கொள்ளி என்று பெயர் எடுத்தவளுக்கு இது உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது.

எண்பதுகளின் நடுவில் எங்கள் பக்கத்துக்கும் துவக்கு வந்து சேர்ந்தது. யார் யாரைச் சுட்டார்கள் என்று கேட்பதையே சனங்கள் நிறுத்திவிட்ட காலம். அனுப்புகிற பெட்டியை ஒப்படைக்கச் சொன்னார்கள், என் கணவர் மறுபேச்சில்லாமல் கொண்டுபோய்க் கொடுத்தார். கேட்கிற ரேடியோ மட்டும் வீட்டில் இருந்தது. அது எல்லார் வீட்டிலும் இருப்பதுதான். கம்பத்தில் ஒரு கம்பியைக் கட்டி வெளிநாட்டுச் செய்தி கேட்போம். நம் ஊரில் என்ன நடந்தது என்பதை வெளிநாட்டுக்காரன் சொல்லித்தான் அறிய வேண்டியிருந்தது.

"இதக் கழட்டிப் பழைய இரும்புக்குப் போட்டிருவமே," என்று நான் பல தடவை சொன்னேன்.

"இவ்வளவு நாளும் நிண்டதை இப்பக் கழட்டினா, என்னத்த மறைக்கிறாங்க எண்டு கேப்பாங்க," என்றார் அவர். அதுவும் சரியாகத்தான் பட்டது. இருந்தாலும் பயம், எடுத்தாலும் பயம். நான் வழக்கம்போல் மழைக்கு இறக்கி, வெயிலுக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலையில் ராணுவத்தினர் ஊரைச் சுற்றி வளைத்தார்கள். ஆம்பிளைகள் எல்லாரும் பள்ளிக்கூட மைதானத்துக்கு வர வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். என் கணவர் அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ராத்தாவின் மாப்பிள்ளையோடு நடந்து போனார். கொஞ்ச நேரத்தில் வீடு வீடாகத் தேடுகிறவர்கள் எங்கள் வளவுக்குள் வந்தார்கள். ஒரு அதிகாரி, நாலைந்து பேர், அதில் ஒருவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். முதல் நாள் மழை இருட்டு என்று நான் கம்பத்தை இறக்கி வைத்திருந்தேன். அது சுவர் ஓரமாகப் படுத்துக் கிடந்தது.

அதிகாரி வீட்டுக்குள் அதிக நேரம் நிற்கவில்லை. கம்பத்தைச் சுற்றி நடந்தார். விஞ்சின் பல்லை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். விரலில் புதுக் கிறீஸ். அதை என் பக்கம் காட்டி என்னவோ கேட்டார்.

"இத யாரு வேலை செய்யிறது?" என்றார் தமிழ் தெரிந்தவர்.

"நான்தான் ஐயா."

"பொம்பிளையா?" அவர்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். "எதுக்கு மேல போறது, கீழ வாறது?"

"காத்துக்குப் பயத்தில ஐயா. காத்து வந்தா இறக்கிருவன்."

அதிகாரி நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். ஒரு இலைகூட அசையவில்லை. வராத காற்றுக்குத்தான் நான் பத்துத் தடவையில் ஒன்பது தடவை இறக்கியிருக்கிறேன் என்பதை எப்படிச் சொல்லி நம்பவைப்பது?

வேலிக்கு அங்கால் ராத்தா நின்றாள். என்னைக் காப்பாற்றத்தான் அவள் வாயைத் திறந்தாள். "உண்மைதான் ஐயா, தெருவில எல்லாருக்கும் தெரியும். இது சாஞ்சா நாங்க விளங்கிக்குவம். பொம்பிளையள் நெல்ல அள்ளிருவாங்க. எங்கட வீட்டுக்காரர் தோணி தள்ளமாட்டார். இதப் பார்த்துத்தான் ஐயா எல்லாரும் நடக்கிற."

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தமிழ் தெரிந்தவர் அதை மொழிபெயர்க்க மொழிபெயர்க்க, அதிகாரியின் முகம் மாறுவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கம்பம் சாய்கிறது, தெரு முழுவதும் பார்க்கிறது, தோணிகள் போகாமல் நிற்கின்றன. அவருடைய காதுக்கு அது யாருக்கோ காட்டுகிற சைகையாகத்தான் கேட்டிருக்கும் என்று எனக்கே விளங்கியது. ராத்தாவுக்கும் விளங்கிவிட்டது. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

என்னையே கம்பத்தை ஏற்றச் சொன்னார். பிஸ்மி சொல்லிக் கைபிடியைச் சுற்றினேன். இரண்டு தரம் நழுவிற்று. கம்பம் எழும்பி நின்றதும் அவர் அதன் உச்சி வரை பார்த்துவிட்டு, மெதுவாக ஏதோ சொன்னார்.

"இது இப்பிடியே நிக்க வேணும்," என்றார் தமிழ் தெரிந்தவர். "பகல், ராத்திரி, மழை, எல்லாத்துக்கும். நாங்க ரோட்டால போறது, பார்க்கிறது. ஒரு நாள் கீழ வந்தா, உங்கட ஆளக் கூட்டிக்கொண்டு போறது. விளங்கினதா?"

விளங்கிற்று. அப்படிக் கூட்டிக்கொண்டு போனவர்களில் திரும்பி வராதவர்களை எங்களுக்குத் தெரியும். அவர்களின் உம்மாமார் ஒவ்வொரு முகாம் வாசலிலும் போய் நிற்பதையும் தெரியும். பின்னேரம் என் கணவர் மைதானத்திலிருந்து வெயிலில் கறுத்துத் திரும்பி வந்தார். நடந்ததைச் சொன்னேன். முதலில் லேசாகச் சிரித்தார், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்த முறை மாரி எங்களுக்குக் கம்பத்தோடுதான் வந்தது. வாடைக் காற்று அடிக்கிற ஒவ்வொரு நாளும் குழாய்க்குள் காற்றுப் புகுந்து ஊளையிடும். நான் பிள்ளைகளின் பாயை வீட்டின் மறுகோடிக்கு மாற்றினேன். சமையலைக் கெதியாக முடித்துக்கொண்டு அடுப்படியை விட்டு வெளியே வந்துவிடுவேன். முகாமுக்குப் போய் நிலைமையைச் சொல்லிக் கேட்டால் என்ன என்று ஒரு தரம் கதைத்தோம். அங்கே போய்ப் பெயரைச் சொல்வதுதான் இருப்பதிலேயே பெரிய ஆபத்து என்று அந்தப் பேச்சை விட்டுவிட்டோம். ஜீப் போகிற சத்தம் கேட்டால் நான் முற்றத்துக்கு ஓடிக் கம்பத்தைப் பார்ப்பேன், அது நிற்கிறது என்று தெரிந்தும் பார்ப்பேன். ராத்தா வேலிப் பக்கம் வருவதை விட்டுவிட்டாள். உன்மேல் குற்றமில்லை என்று நான் போய்ச் சொன்னாலும் அழுவாள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் காலையிலிருந்தே காற்று வேறு மாதிரி அடிக்கத் தொடங்கியது. கடல் இரைச்சல் அடுப்படிக்குள் கேட்டது. கந்தோரை மூடிவிட்டார்கள் என்று என் கணவர் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார். மத்தியானம் லுஹர் தொழுகை நேரம் மழையும் காற்றும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. கம்பத்தின் நுனி வளைந்து வளைந்து நிமிர்ந்தது. அவர் நேராகப் போய் விஞ்சின் கைபிடியை எடுத்தார்.

நான் பாய்ந்து அதைப் பிடித்துக்கொண்டேன். "இறக்க வேணாம்!"

"உனக்கென்ன பைத்தியமா? பிள்ளையள் இரிக்கு!"

"இறக்கினா உங்களக் கொண்டு போயிருவாங்க."

"இந்த மழைக்குள்ள எவன் வந்து பார்க்கிற?"

"வருவாங்க! வந்தா நான் எங்க போய்த் தேடுற உங்கள?"

எத்தனை வருடமாக இறக்குங்கள் இறக்குங்கள் என்று நான் கத்தியிருக்கிறேன், இன்னும் கொஞ்ச நேரம் என்று அவர் கெஞ்சியிருக்கிறார். அன்று எல்லாம் மாறிப்போயிற்று. எனக்குக் காற்றுப் பயம் விட்டுப்போகவில்லை. தென்னை விழுந்த அந்தச் சத்தம் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆனாலும் கைபிடியை மடியில் வைத்துச் சேலையால் சுற்றிக்கொண்டு விறாந்தைச் சுவரோடு உட்கார்ந்துவிட்டேன். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் இரண்டும் மறுகோடி அறையில் இருந்தார்கள். எனக்குத் தெரிந்த ஓதல் எல்லாவற்றையும் ஓதினேன்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கம்பம் முறிந்தது. பிணைச்சலுக்குக் கொஞ்சம் மேலே முறிந்து, அடுப்படிக் கூரையில் குறுக்காக விழுந்தது. ஓடுகள் ஒரேயடியாகச் சரிந்து கொட்டின. மகள் வீரிட்டாள். என் கணவர் உள்ளே ஓடிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை. வேலியைப் பிரித்துக்கொண்டு ராத்தாவும் மாப்பிள்ளையும் ஓடி வந்தார்கள். திறந்து கிடந்த கூரைக்குள்ளால் மழை அப்படியே அடுப்படிக்குள் இறங்கியது. அரிசிப் பானைக்குள்ளும் இறங்கியது. ராத்தாவின் மாப்பிள்ளை, தோணியை மூடுகிற படங்கைக் கொண்டுவாறேன், கூரையை மூடுவோம் என்று திரும்பினார்.

நான் மேலே பார்த்தேன். கம்பம் நின்ற இடத்தில் வெறும் வானம் இருந்தது.

"கூரைய விடுங்க!" என்று கத்தினேன். "கம்பு! உசரமா ஒரு கம்பு கொண்டு வாங்க!"

அவர்கள் என்னைப் பார்த்தார்கள். பிறகு கம்பம் நின்ற இடத்தைப் பார்த்தார்கள். ராத்தாவின் மாப்பிள்ளை ஓடிப்போய், தோணியில் பாய் கட்டுகிற மூங்கில்கள் இரண்டைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். என் கணவரும் அவரும் ஒன்றோடு ஒன்றை வைத்துக் கட்டினார்கள். நான் உடுப்புக் காயப்போடுகிற கயிற்றை அறுத்துக் கொடுத்தேன். ராத்தா அடியைப் பிடிக்க, நான் ஏணியில் ஏற, எஞ்சி நின்ற இரும்புத் தூணோடு மூங்கிலைச் சேர்த்து இறுக்கினோம். கயிறு போதவில்லை, ராத்தா தன் முந்தானையைக் கிழித்துத் தந்தாள். காற்று இரண்டு முறை தள்ளி விழுத்தியது. மூன்றாவது முறை நின்றது. கோணல்தான், பழைய உயரமும் இல்லை. ஆனாலும் ரோட்டிலிருந்து பார்த்தால் வேலிக்கு மேலே ஒரு கம்பு நிற்கிறது என்று தெரியும்.

பொழுதுபடும் நேரம், மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் ஜீப் வந்தது. மழைக்கு லைற் போட்டுக்கொண்டு, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மெதுவாக வந்தது. நான் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே இருந்தவர்கள் தலைக்கு மேல் ரப்பர்ச் சீலையைப் பிடித்திருந்தார்கள். ஒருவர்கூட எங்கள் பக்கம் திரும்பவில்லை. அது வளைவில் திரும்பி, சத்தமும் கேட்காமல் போகும்வரை நான் கையை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் திரும்பிப் பார்த்தேன். இடிந்த அடுப்படிக்குப் பக்கத்தில், மழைக்குள், மகள் தம்பியைத் தன் சட்டைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு நின்றாள். இருவருக்கும் உதடு நீலமாகிப் பல் அடித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக நின்றார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.